மரபும் படைப்பாற்றலும்: கோலாலம்பூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வார இறுதிகளில் ஒரு தமிழ் எழுத்துப் பட்டறை நடத்தி வருகிறேன். இடைநிலைப்பள்ளி மாணவர்கள், பரதம் கற்கும் பிள்ளைகளைக் கூட்டி வரும் பெற்றோர், விளம்பர நிறுவனங்களில் வேலை செய்யும் இளைஞர்கள் என்று பலரும் வருகிறார்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும், 'நம் மரபு கற்பனைக்கு உதவுகிறதா, தடையாக இருக்கிறதா' என்ற இடத்தில் வந்து நின்றுவிடுகிறது. திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

1. "கிரியேட்டிவிட்டி எல்லாம் வெள்ளைக்காரன் கொண்டு வந்த பேச்சுதானே? நம்ம பெரியவங்க அதைப் பத்தி ஏதாவது சொல்லியிருக்காங்களா?"

நிறையவே சொல்லியிருக்கிறார்கள். மேற்கிலேயே இது தனி ஆய்வுத் துறையாகச் சூடுபிடித்தது 1950-க்குப் பிறகுதான். அந்த ஆண்டு அமெரிக்க உளவியல் சங்கத் தலைவராக இருந்த ஜே. பி. கில்ஃபோர்ட், உளவியலாளர்கள் படைப்பாற்றலைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று ஓர் உரையில் எடுத்துச் சொன்னார். 'புதிதாக இருக்க வேண்டும், பயனும் தர வேண்டும்' என்று இன்று பயிற்சி வகுப்புகளில் சொல்லப்படும் வரையறை அந்த ஆய்வுகளின் வழியே பரவியதுதான்.

ஆனால் 'எல்லாவற்றையும் முன்னோர் சொல்லிவிட்டார்களே, இனி வருகிறவன் என்ன சொல்வது?' என்ற கவலை மிகப் பழையது. 9ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்து வடமொழிக் கவிதையியல் அறிஞர் ஆனந்தவர்த்தனர் இதற்குப் பதில் தந்திருக்கிறார்: முன்பே பார்த்த பொருள்தான் என்றாலும், ரசம், அதாவது கவிதைச் சுவை, சேரும்போது வசந்த கால மரங்களைப் போல எல்லாம் புதிதாகத் தோன்றும் என்றார். சீனத்தில் 6ஆம் நூற்றாண்டிலேயே ஷியே ஹே ஓவியத்தை மதிப்பிட ஆறு நெறிகளை எழுதினார். தமிழில் தொல்காப்பியமும் நன்னூலும் ஒரு நூல் எப்படி இன்னொரு நூலிலிருந்து பிறக்கிறது என்று இலக்கணமே வகுத்திருக்கின்றன.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'ஆசிய மரபு' என்று ஒன்று கிடையாது. கன்ஃபூசியஸ் சொன்னதற்கு நேர் எதிராக அதே மண்ணில் தாவோ சிந்தனையாளர் சுவாங் ட்ஸு பேசியிருக்கிறார். கீழே நான் மரபு என்று எழுதும் இடமெல்லாம் எந்த மரபு என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறேன்.

2. "முதல்நூல், வழிநூல்னு ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணோம். அதுக்கும் கிரியேட்டிவிட்டிக்கும் என்ன சம்பந்தம்?"

எனக்குப் பிடித்த கேள்வி இது. நன்னூல் 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதியது. நூல் மூன்று வகை என்கிறது: முதல்நூல், வழிநூல், சார்புநூல். வழிநூலுக்கு அது தரும் இலக்கணத்தைக் கொஞ்சம் நிறுத்திப் படித்துப் பாருங்கள்: "முன்னோர் நூலின் முடிபொருங் கொத்துப் பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி அழியா மரபினது வழிநூல் ஆகும்." முன்னோர் நூலின் முடிவோடு ஒத்துப்போக வேண்டும், அதே சமயம் பின்னால் வருகிறவன் தனக்கு வேண்டும் என்று நினைக்கும் மாறுபாட்டையும் சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் வழிநூல்.

தேர்வுக்காகப் படிக்கும்போது 'முன்னோர்' என்ற சொல் மட்டும் மனதில் தங்குகிறது, 'பின்னோன் வேண்டும் விகற்பம்' நழுவிப் போய்விடுகிறது. அப்படியே முந்தியதைத் திருப்பிச் சொன்னால் அது வழிநூல் ஆகாது. அதே நன்னூல்தான் "பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல கால வகையி னானே" என்றும் சொல்கிறது. காலம் மாறும்போது பழையது போவதும் புதியது வருவதும் குற்றமில்லை என்று ஓர் இலக்கண நூலே எழுதி வைத்திருக்கிறது. நம் மரபு மாற்றத்துக்கு எதிரி என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு சூத்திரங்களையும் காட்டுங்கள்.

3. "அப்ப கம்பர் வால்மீகியைப் பார்த்து எழுதினதுக்குப் பேரு காப்பி இல்லையா?"

கம்பர் தானே முன்வந்து, யாருடைய வழியில் எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறார். இக்கதையை வடமொழியில் செய்தவர் மூவர், அவர்களில் முந்தியவர் சொன்னபடி நான் தமிழ்ப் பாவில் சொல்கிறேன் என்று பாயிரத்திலேயே பாடியிருக்கிறார். காப்பியடிப்பவர் தான் எடுத்த இடத்தை மறைப்பார். கம்பர் அதை வாசலிலேயே எழுதி வைத்தார்.

அப்புறம் உள்ளே போனால் வேறு உலகம். வில்லை முறிப்பதற்கு முன்பே மிதிலைத் தெருவில் "அண்ணலும் நோக்கினான் அவளும் நோக்கினாள்" என்று இருவர் கண்களையும் சந்திக்க வைத்தது கம்பர். வால்மீகியில் அந்தக் காட்சி இல்லை. கம்பர் ஏன் அதைச் சேர்க்க வேண்டும்? திருமணத்துக்கு முன் தலைவனும் தலைவியும் தாமே கண்டு காதல் கொள்வது சங்க அகமரபு. அதைக் கேட்டு வளர்ந்த தமிழ்ச் செவிக்கு, வில்லை முறித்தவனுக்குப் பெண் என்பது மட்டும் போதாது. இரணியன் வதைப் படலமும் அப்படித்தான். வால்மீகியில் இல்லாத ஒரு முழுப் படலம். ஒரு மரபிலிருந்து கதையை எடுத்து, இன்னொரு மரபின் கண்ணால் பார்த்தார். 'விகற்பம்' என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

4. "இதெல்லாம் பிறவியிலேயே வரணும். எங்க பரம்பரையில யாருக்கும் இல்ல. என் பையனுக்கு மட்டும் எப்படி வரும்?"

ஔவையார் பெயரில் உள்ள ஒரு தனிப்பாடல் "சித்திரமும் கைப்பழக்கம் செந்தமிழும் நாப்பழக்கம்" என்று தொடங்குகிறது. கல்வி மனப்பழக்கம், நடை தினமும் நடந்து வரும் பழக்கம். எது பிறவிக் குணம் என்றால், நட்பும் தயையும் கொடையும்தான். ஓவியத்தையும் கவிதையையும் பழக்கத்தின் கணக்கில் எழுதிவிட்டு, நல்ல மனதைப் பிறவியின் கணக்கில் எழுதுகிறது அந்தப் பாட்டு. இன்றைக்குப் பெரும்பாலோர் இதைத் தலைகீழாக நம்புகிறார்கள்.

வடமொழிக் கவிதையியலில் இரண்டுக்கும் இடம் உண்டு. 11ஆம் நூற்றாண்டு மம்மடர், இயல்பான ஆற்றல், உலகத்தையும் நூல்களையும் கற்றறிந்த தேர்ச்சி, பயிற்சி மூன்றும் சேர்ந்தே கவிதைக்குக் காரணம் என்கிறார். பையனுக்கு முதலாவது இருக்கிறதா என்று அளந்து பார்க்க வழியில்லை. மற்ற இரண்டும் உங்கள் வீட்டில் இன்று மாலையே தொடங்கக்கூடியவை.

5. "பொண்ணு பரதம் போறா டீச்சர்கிட்ட. வருஷக்கணக்கா அதே அடவு, அதே தட்டுக்கழி. அவளோட சொந்தக் கற்பனை இதுல எங்க வருது?"

அவசரப்படாதீர்கள். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி ஏழு ஆண்டுகள் பயின்று, பன்னிரண்டாம் வயதில்தான் சோழன் அவையில் ஆடுகிறாள். அந்த நீண்ட பயிற்சி எதற்காக என்பது கர்நாடக இசையைப் பார்த்தால் விளங்கும். அங்கே கல்பித சங்கீதம், மனோதர்ம சங்கீதம் என்று இரண்டு உண்டு. முதலாவது முன்னோர் அமைத்த கீர்த்தனைகள். இரண்டாவது அந்த நேரத்தில் பாடகர் மனதில் பிறப்பவை: ராக ஆலாபனை, நிரவல், கல்பனாஸ்வரம். கீர்த்தனைகளைப் பாடிப் பாடித்தான் ராகத்தின் போக்கு தொண்டையில் ஏறுகிறது. அது ஏறாமல் ஆலாபனை செய்தால் ராகம் தப்பிவிடும். பரதத்திலும் ஒரு பதத்துக்கு அபிநயம் பிடிக்கும்போது ஒரே வரியைப் பலவிதமாக விரிக்கிறார்களே, உங்கள் மகளின் கற்பனைக்கு அங்கே இடம் காத்திருக்கிறது.

ஜப்பானியத் தற்காப்புக் கலையிலும் தேநீர்க் கலையிலும் இதையே 'ஷு, ஹா, ரி' என்று மூன்று படியாகச் சொல்வார்கள். முதலில் விதியைக் காப்பது, பிறகு விதியை உடைப்பது, கடைசியில் விதியை விட்டு விலகுவது. ஆனால் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். முதல் படியிலேயே பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் நிறுத்தி, அரங்கேற்ற மண்டபத்துக்கும் பட்டுப் புடவைக்கும் செலவு செய்து முடித்ததோடு நடனத்தையும் முடித்துவிடுகிற வழக்கம் நம் ஊரில் இருக்கிறது. அரங்கேற்றம் தொடக்கம். இரண்டாம் படியைப் பற்றி டீச்சரிடம் இப்போதே பேசி வையுங்கள்.

6. "சீனர்கள்னாலே காப்பிதான்னு சொல்றாங்களே. கன்ஃபூசியஸே நான் புதுசா எதுவும் செய்யலைன்னு சொல்லியிருக்காராமே?"

சொன்னது உண்மை. அவருடைய உரையாடல் தொகுப்பின் ஏழாம் பகுதி அப்படித்தான் தொடங்குகிறது: நான் கடத்துகிறேன், உருவாக்குவதில்லை, பழமையை நம்பி விரும்புகிறேன் என்கிறார். அதே தொகுப்பின் இரண்டாம் பகுதியில், பழையதை மீண்டும் அலசிப் புதியதை அறிகிறவரே ஆசிரியராகத் தகுந்தவர் என்றும் சொல்கிறார். முதலாவதை மட்டும் மேற்கோள் காட்டுவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

ஷியே ஹேயின் ஆறு நெறிகளைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். பழைய ஓவியங்களைப் பார்த்து வரைவது அதில் ஆறாவது, கடைசி நெறி. முதலாவது, ஓவியத்தில் உயிர்மூச்சு ததும்ப வேண்டும் என்பது. நகலெடுப்பது கைக்குப் பயிற்சி. அதனால் மட்டும் முதல் நெறி கைவந்துவிடாது என்பதை அவர்கள் தெளிவாகவே அறிந்திருந்தார்கள். 17ஆம் நூற்றாண்டு ஓவியர் ஷிதாவ் இன்னும் ஒரு படி மேலே போய், முன்னோரின் தாடியும் புருவமும் என் முகத்தில் முளைக்காது என்று எழுதினார். ஒரு சீன ஓவியர் சொன்னது இது.

தாவோ மரபின் 'சுவாங் ட்ஸு' நூலில் மாடு அறுக்கும் சமையல்காரர் டிங் வருகிறார். சாதாரண சமையல்காரருக்கு மாதம் ஒரு கத்தி வேண்டும், நல்லவருக்கு ஆண்டுக்கு ஒன்று. டிங்கின் கத்தியோ 19 ஆண்டுகளாக, அப்போதுதான் தீட்டியதுபோல இருக்கிறது. எலும்பை வெட்டாமல் மூட்டுகளின் இடைவெளியில் கத்தியைச் செலுத்துகிறார். பொருளின் மீது தன் விருப்பத்தைத் திணிப்பது வேறு, பொருளுக்குள்ளேயே இருக்கும் வழியைக் கண்டுபிடிப்பது வேறு. இரண்டாவதைப் படைப்பாற்றல் என்று ஏற்றுக்கொண்டால் பட்டியல் ரொம்பப் பெரிதாகிவிடும். அதில் தச்சர், தையல்காரர், சமையல்காரர் எல்லோரும் வருவார்கள். அந்தப் பட்டியல்தான் எனக்குச் சரியாகப் படுகிறது.

பினாங்குக்குப் போகிறவர்கள் கூ கொங்சி என்ற சீனக் குலமன்றத்தின் கூரையைக் கொஞ்சம் நேரம் எடுத்துப் பாருங்கள். 1901-ல் எரிந்து போய் 1906-ல் மீண்டும் எழுந்த கட்டடம் அது. வண்ணப் பீங்கான் கிண்ணங்களைத் துண்டு துண்டாக நறுக்கி ஒட்டி நாகங்களும் பூக்களும் செய்திருக்கிறார்கள். உருவங்கள் தென்சீன மரபில் வந்தவை. ஒரு வளைந்த துண்டை எந்தச் செதிலுக்கு வைப்பது என்று முடிவு செய்தது அந்தக் கைவினைஞரின் கண்.

7. "மலாய்க்காரங்க பக்கம் என்ன? இங்க வாழுறோம், ஆனா அவங்க கலையைப் பத்தி நமக்கு ஒண்ணும் தெரியாதேலா."

தெரியும், பள்ளியில் படித்திருக்கிறீர்கள். பந்துன் என்ற மலாய்க் கவிதை நினைவிருக்கிறதா? 'புலாவ் பண்டான் ஜாவு கெ தெங்கா' என்று தொடங்குமே, அதுதான். நாலு வரி. முதல் இரண்டு வரி பெம்பாயாங், அதாவது சாயல். நடுக்கடலில் தொலைவாக ஒரு தீவு, மூன்றாகப் பிரிந்து நிற்கும் ஒரு மலை. அடுத்த இரண்டு வரியில் கருத்து: உடல் மண்ணில் அழிந்தாலும் நல்ல குணம் நினைக்கப்படும். ஒன்றாம் வரி மூன்றாம் வரியோடும், இரண்டாம் வரி நான்காம் வரியோடும் எதுகை போல ஒலி சேர வேண்டும். பெம்பாயாங் பொதுச்சொத்து; யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு தன் கருத்தை அதில் கோக்கலாம். கல்யாணப் பேச்சில் இரு வீட்டாரும் மாறி மாறி நின்ற இடத்திலேயே பந்துன் கட்டிப் பதில் சொல்வதை நேரில் கேட்டால், கட்டுப்பாட்டுக்குள் கற்பனை எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று புரியும். 2020-ல் மலேசியாவும் இந்தோனேசியாவும் சேர்ந்து பந்துனை யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெறச் செய்தன.

கிளந்தான் வாயாங் கூலிட், அதாவது தோற்பாவை நிழல்கூத்து, இன்னும் சுவையானது. அதன் மூலக்கதை இராமன் கதைதான். மூலத்தை 'பொக்கோ' என்பார்கள், மரம். அதிலிருந்து தாலாங், அதாவது பாவைக்கூத்தின் கதைசொல்லி, தானே வளர்த்துக்கொள்ளும் கதைகள் 'ரந்திங்', கிளை. மேடையில் கிளைக்கதைகளே அதிகம் நடக்கும். பாக் டோகோல், வா லோங் என்ற கோமாளிப் பாவைகள் வந்து அன்றைய ஊர்ப்பேச்சையெல்லாம் இழுத்துக் கிண்டலடிப்பார்கள். இரண்டாம் கேள்வியில் பார்த்த வழிநூல் இங்கே தோற்பாவையாக ஆடுகிறது. நம் பட்டறைக்கு வரும் பிள்ளைகளுக்குக் கம்பரைச் சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்கிறேன். இந்த நாட்டில் பிறந்தவர்களுக்கு இரண்டும் உரியவை.

8. "ஜப்பான்ல ஒரு கோயிலை இடிச்சு இடிச்சுக் கட்டுறாங்களாமே. அப்ப எது ஒரிஜினல்?"

ஈசே ஆலயம். 20 ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் அதே அமைப்பில் புதிதாகக் கட்டிவிட்டுப் பழையதைக் கலைக்கிறார்கள். 2013-ல் நடந்தது 62ஆவது முறை. அங்கே காப்பாற்றப்படுவது கட்டத் தெரிந்த கை. மரம் வயதாகிவிடும், தச்சுவேலை ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்குப் போய்க்கொண்டிருக்கும். நம் ஊர் மகாமாரியம்மன் கோயிலையும் யோசித்துப் பாருங்கள். 1873-ல் தொடங்கியது. இப்போது நாம் பார்க்கும் ஐந்து நிலைக் கோபுரம் 1972-ல் முடிந்தது. அதை 'புதுக் கோயில்' என்று யாரும் சொல்வதில்லை.

9. "சிற்பி, தச்சர் யாரும் பேர் போட்டுக்கலையே. அவ்ளோ அடக்கமா?"

'அடக்கம்' என்ற ஒரே பதிலில் எனக்கு உடன்பாடில்லை. கைவினைஞரின் பெயரைக் கல்லில் வெட்டும் அதிகாரம் பெரும்பாலும் கொடை கொடுத்தவரிடம் இருந்தது. பெயர் பதிவான இடங்களும் உண்டு: தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இராசராசப் பெருந்தச்சன் பெயர் இருக்கிறது. பெயர் இல்லாத மற்றவர்கள் எல்லோரும் தாமாகவே விட்டுக்கொடுத்தார்கள் என்று சொல்வது, அவர்களுக்குக் கிடைக்காமல் போன மரியாதையை அழகாக மூடி மறைப்பதாகும்.

ஆனால் சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்கள் வேறொன்று செய்தார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது. பாடியவர் பெயர் தெரியாத இடங்களில், அவர் படைத்த உவமையையே பெயராக வைத்தார்கள். செம்மண்ணில் கலந்த மழைநீரைப் பாடியவர் செம்புலப்பெயனீரார். ஊரார் விட்டுப்போன வீட்டு முற்றத்தில் அணில் ஆடுவதைப் பாடியவர் அணிலாடு முன்றிலார். இரண்டு யானைகள் இருபுறமும் பற்றி இழுக்கும் நைந்த கயிற்றைப் பாடியவர் தேய்புரிப் பழங்கயிற்றினார். ஒற்றை ஏரோடு ஈர வயலில் அவசரப்படும் உழவனைப் பாடியவர் ஓரேருழவனார். கவனியுங்கள்: இவர்கள் எல்லோரும் ஒரே திணை மரபுக்குள், அதே தலைவன், தலைவி, தோழியை வைத்துப் பாடியவர்கள். பொருள் பொது. அந்த ஒரு உவமை மட்டும் அவருடையது. அது போதும், ஒரு மனிதரை அடையாளம் காட்ட என்று தொகுத்தவர்கள் நினைத்திருக்கிறார்கள். தனித்தன்மையை மதிக்கத் தெரியாத மரபு இப்படிப் பெயர் வைக்காது.

10. "தீபாவளிக்கு ஷாப்பிங் மால்ல போடுற கோலம்கூட படைப்பாற்றலா? புத்தகத்தைப் பார்த்துத்தானே போடுறாங்க?"

புள்ளி வைத்து வளைத்துப் போடும் சிக்குக் கோலத்தை ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள். எல்லாப் புள்ளியையும் சுற்றி வர வேண்டும், தொடங்கிய இடத்திலேயே கோடு வந்து சேர வேண்டும். இந்த விதிகளுக்குள் எத்தனை வடிவம் பிறக்கலாம் என்பது கணினி அறிவியல் கேள்வியாகவே ஆனது. 1970களில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் உடன் ஆய்வாளர்களும் கோலங்களை முறைசார் இலக்கணமாக எழுதி ஆராய்ந்தார்கள். நம் பாட்டிமார் அரிசி மாவில் செய்தது அந்த அளவுக்கு ஆழமான வேலை.

பேரங்காடிகளில் வண்ண அரிசியில் போடும் பெரிய கோலம் வேறு வகை. அது பார்வையாளருக்கான அலங்காரம். தவறில்லை. ஆனால் வீட்டு வாசல் கோலத்தில், நேற்று போட்டதை இன்று கொஞ்சம் மாற்றிப் போடும் அந்தச் சின்ன முடிவில்தான் எனக்கு ஆர்வம். அடுக்குமாடி வீட்டில் வாசல் சின்னதுதான். நாலு புள்ளி நாலு வரிசைக்கு இடம் இருக்கும்.

11. "குருவைக் கேள்வி கேட்டா திமிருன்னு சொல்றாங்க. கேள்வியே கேட்காம எப்படிப் புதுசா யோசிக்கிறது?"

நன்னூல் மாணவனுக்குச் சொல்லும் கடமைகளில் "வினாதல் வினாயவை விடுத்தல்" என்று இருக்கிறது. கேள்வி கேட்பது, கேட்கப்பட்டதற்குப் பதில் சொல்வது. இன்னொரு கணக்கும் தருகிறது: ஆசிரியர் சொன்னதை ஒழுங்காகக் கேட்டால் கால்பங்குதான் கிடைக்கும். சக மாணவரோடு பழகினால் இன்னொரு கால்பங்கு. மீதி அரைப்பங்கு, தான் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது வரும். ஆசிரியருக்குக் கால்பங்கு என்று ஆசிரியர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

நடைமுறை அப்படி இல்லை என்பது எனக்கும் தெரியும். மரபின் பெயரால் வாயை அடைப்பவர்கள் கலை வகுப்புகளிலும் உண்டு, கோயில் கமிட்டிகளிலும் உண்டு. அது நூல் சொன்ன மரபு கிடையாது, ஆட்களின் பழக்கம். மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் கேளுங்கள். 'ஏன் மாஸ்டர் இந்த இடத்தில் அரைமண்டி?' என்று கேட்கும் மாணவிக்குப் பதில் சொல்லத் தெரிந்தவரே நல்ல மாஸ்டர்.

12. "ஆசியப் பிள்ளைங்க மனப்பாடத்துக்குத்தான் லாயக்கு, சிந்தனைக்கு இல்லைன்னு சொல்றாங்களே?"

நாடுகளின் மாணவர்களை ஒப்பிடும் பிசா ஆய்வின் 2022 சுற்றில் 15 வயது மாணவர்களின் படைப்புச் சிந்தனையை முதன்முறையாக அளந்தார்கள். முதலிடம் பக்கத்து நாடான சிங்கப்பூருக்கு: 60-க்கு 41. ஓஈசிடி என்ற பொருளாதாரக் கூட்டமைப்பின் நாடுகளுடைய சராசரி 33. கொரியாவும் முன்வரிசையில் இருந்தது. ஒரு தேர்வை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்ய முடியாது என்றாலும், 'ஆசியர்களால் முடியாது' என்ற பேச்சுக்கு இது போதுமான பதில்.

நம் வீடுகளில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மாதிரிக் கட்டுரையை வரிக்கு வரி மனப்பாடம் செய்ய வைத்து, அதையே எழுதினால் மதிப்பெண் என்று பழக்குகிறோம். பதினைந்து பாட்டை மனப்பாடம் செய்வது மனதுக்குள் சொற்களைச் சேர்த்து வைப்பது. மாதிரிக் கட்டுரையை மனப்பாடம் செய்வது, யாரோ யோசித்து முடித்ததைச் சுமப்பது. முதலாவதை விடாதீர்கள், இரண்டாவதை விட்டுவிடுங்கள்.

13. "யோகி பி 'மடை திறந்து' பாட்டை எடுத்து ராப் ஆக்கினாரே, அது வழிநூலா, திருட்டா?"

இளைஞர்கள் கேட்டே தீரும் கேள்வி. மூலப்பாட்டு 1980-ல் இளையராஜா 'நிழல்கள்' படத்துக்கு இசையமைத்தது. 2006-ல் யோகி பி – நட்சத்ரா குழு 'வல்லவன்' இசைத்தொகுப்பில் அதை எடுத்தாண்டது. கோலாலம்பூரில் உருவான தமிழ் ராப் தமிழ்நாட்டிலும் பரவலாகக் கேட்கப்பட்டதில் இந்தப் பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனந்தவர்த்தனரிடம் இதற்கு நல்ல அளவுகோல் இருக்கிறது. இரு கவிஞர்களின் படைப்புகள் ஒத்திருந்தால் மூன்று வகை என்கிறார். கண்ணாடிப் பிம்பம் போன்றது ஒன்று, அதற்குத் தனி உயிர் இல்லை. படமாக வரைந்தது போன்றது இன்னொன்று, அதற்கும் சொந்த உயிர் குறைவு. மூன்றாவது, ஒரே சாயல் உள்ள இரண்டு மனிதர்கள் போன்றது. சாயல் ஒன்றானாலும் உயிர் வேறு, அதனால் அதைத் தள்ள வேண்டியதில்லை. என் காதுக்கு அந்த ராப் மூன்றாம் வகை. மூலப்பாட்டு எல்லோருக்கும் தெரிந்தது, மறைக்க ஒன்றுமில்லை. அதன் மேல் ஏறியிருக்கும் சொல்லும் தாளமும் இந்த ஊர் இளைஞர்களுடையவை.

10ஆம் நூற்றாண்டு வடமொழிக் கவிஞர் ராஜசேகரர், திருடாத கவிஞனும் இல்லை, திருடாத வணிகனும் இல்லை என்று வெளிப்படையாகவே எழுதி, எந்த வகை எடுத்தாளல் தகும், எது தகாது என்று விரிவாகப் பிரித்துக் காட்டினார். சட்டம் தனிக்கணக்கு: மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி படைப்பாளரின் ஆயுளுக்குப் பிறகும் 50 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். கம்பர் வழி என்று சொல்லிக்கொண்டு அனுமதி வாங்காமல் பாட்டை எடுக்க முடியாது.

14. "ஏஐகிட்ட சொல்லிப் படம் வரைய வைக்கிறேன். அதுவும் முன்னோர் படங்களைப் பார்த்துத்தானே செய்யுது? அப்ப அதுவும் வழிநூல்தானே சார்?"

கெட்டிக்காரத்தனமான வாதம். மூன்றாம் கேள்வியில் பார்த்தபடி வழிநூல் செய்பவர் யார் வழியில் வந்தேன் என்று பெயர் சொல்லிக் கடன் ஒப்புக்கொள்கிறார். அந்தப் படத்தில் யாருடைய கை கலந்திருக்கிறது என்று உங்களால் சொல்ல முடியுமா? அடுத்தது, 'பின்னோன் வேண்டும் விகற்பம்'. வேண்டுவதற்கு ஒரு பின்னோன் வேண்டும். பத்துப் படம் வந்து, ஒன்பதைத் தள்ளி, பத்தாவதையும் உடைத்துத் திருத்தி, ஏன் என்று உங்களால் சொல்ல முடிந்தால் அங்கே நீங்கள் இருக்கிறீர்கள். முதலில் வந்ததை அப்படியே பதிவேற்றினால் அங்கே யாரும் இல்லை.

கைப்பழக்கத்தைப் பற்றி நாலாம் கேள்வியில் சொன்னதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழகும் வயதில் இருக்கும் பிள்ளைகளிடம் முதலில் பென்சிலைக் கொடுங்கள் என்றுதான் சொல்வேன். வேலைக்குப் போகிறவர்கள் பயன்படுத்துவது அவர்கள் விருப்பம்.

15. "எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. இந்த மரபுகள்ல பாதி பக்தியும் தியானமும். எனக்கு இதுல என்ன இருக்கு?"

'சுவாங் ட்ஸு' நூலில் ஒரு தச்சரும் வருகிறார், ச்சிங் என்று பெயர். மணி தொங்கவிடும் சட்டம் செய்வதற்கு முன் உண்ணாநோன்பு இருக்கிறார். மூன்றாம் நாளில் பரிசும் பதவியும் மறந்துபோகிறது, ஐந்தாம் நாளில் புகழ்ச்சியும் பழியும் மறந்துபோகிறது, ஏழாம் நாளில் தன் கைகால் இருப்பதே மறந்துபோகிறது. அதற்குப் பிறகுதான் காட்டுக்குள் போய் மரத்தைப் பார்க்கிறார். இதில் கும்பிட வேண்டிய தெய்வம் எதுவும் இல்லை. எத்தனை லைக் வரும் என்ற எண்ணம் அடங்கும் வரை வேலையைத் தொடாதே என்று எடுத்துக்கொள்ளலாம்.

நம் ஊரிலேயே வேறொரு சான்று உண்டு. ராம்லி இப்ராஹிம் மலாய் முஸ்லிம். ஒடிசியும் பரதமும் ஆடி, 1983-ல் சூத்ரா நடனக் குழுவைத் தொடங்கி, 2018-ல் இந்தியாவின் பத்மஸ்ரீ பெற்றவர். கலைக்குள் நுழைய எந்த வாசலில் பிறந்தோம் என்பது தடையாக இருக்க வேண்டியதில்லை.

16. "எல்லாம் சரி. சனிக்கிழமை ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். எங்க தொடங்குறது?"

குறுந்தொகை 41-ஐ எடுங்கள், அணிலாடு முன்றிலாரின் பாட்டு. சின்னதுதான். காதலர் அருகில் இருந்தால் விழாக்கொண்ட ஊர்போல மகிழ்வேன், பிரிந்தால் மனிதர் விட்டுப்போய் அணில் ஆடும் வீடுபோல ஆகிவிடுவேன் என்கிறாள் தலைவி. முதல் வாரம் அதைப் பார்த்துக் கையால் எழுதுங்கள், சத்தமாகப் படியுங்கள். மனப்பாடமானால் நல்லது. இரண்டாம் வாரம் உணர்வை அப்படியே வைத்துக்கொண்டு, ஊரையும் வீட்டையும் மட்டும் மாற்றுங்கள். விழாக்கொண்ட ஊர் தைப்பூசத்துப் பத்துமலையாகலாம். ஆளில்லாத வீட்டுக்கு நீங்களே ஓர் இடம் தேடுங்கள். பட்டறையில் ஒரு பெண் செந்தூல் அடுக்குமாடியில் பெருநாள் விடுமுறைக்கு எல்லோரும் ஊருக்குப் போன மாடியை எழுதினாள், நன்றாக வந்தது. மூன்றாம் வாரம் உணர்வையும் மாற்றிப் பாருங்கள். தாளின் மேலே 'அணிலாடு முன்றிலார் வழி' என்று எழுதிவிட்டு அதன் கீழே உங்கள் பெயரைப் போடுங்கள்.